நியூட்டனுக்குப் பிறகு ஃபாரடே: ஒரு வேற்றுகிரகத் தொடர் விமர்சகர்களைப் பிரித்த கதை

அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் 2022 ஏப்ரல் 24 அன்று 'தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்' என்ற தொடர் ஆரம்பித்தது. மொத்தம் பத்து எபிசோட், ஜூலை 3-இல் முடிந்தது, இரண்டாவது சீசன் வரவில்லை. அப்போது வந்த விமர்சனங்களை இன்று சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நடிப்பைப் பற்றி ஏறக்குறைய எல்லோரும் ஒரே பேச்சு. சூவெட்டல் எஜியோஃபோர் பிரமாதம், நவோமி ஹாரிஸ் அவருக்குச் சளைத்தவரில்லை, பில் நை வரும் இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் தொடர் எப்படி என்று கேட்டால் அங்கேதான் பிரிகிறார்கள். ஒரு சாரார் இந்தக் கதைக்கு இப்போதுதான் மனித முகம் வந்திருக்கிறது என்றார்கள், இன்னொரு சாரார் கதையின் உயிரை எடுத்துவிட்டு வெறும் பெயரை வைத்து ஓட்டுகிறார்கள் என்றார்கள். அப்புறம், 1976-இல் இதே கதை சினிமாவாக வந்தபோது அதில் வேற்றுகிரகவாசியாக நடித்த பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் பெயர் வராத ஒரு விமர்சனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தப் பிளவுக்குக் காரணம் போவி மீதான பாசம் மட்டும்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது முழுசாகச் சரியாகப் படவில்லை. பழைய கதை ஒரு தோல்வியின் கதை. தொலைக்காட்சித் தொடருக்கோ நாயகன் வாரா வாரம் ஏதாவது சாதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது, சண்டை அங்கேதான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

முதலில் நாவல். வால்டர் டெவிஸ் 1963-இல் எழுதியது. இவர்தான் 'தி ஹஸ்ட்லர்', 'தி குயின்ஸ் கேம்பிட்' நாவல்களையும் எழுதியவர், அதனால் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். கதை இதுதான்: ஆந்தியா என்ற கிரகம் அணு ஆயுதப் போர்களால் வறண்டு கிடக்கிறது, மிஞ்சியிருப்பது சில நூறு பேர். அவர்களைக் காப்பாற்றுவதற்காக ஒருவன் பூமிக்கு வந்து கென்டக்கியில் இறங்குகிறான். தாமஸ் ஜெரோம் நியூட்டன் என்று பெயர் வைத்துக்கொண்டு, தன் கிரகத்துத் தொழில்நுட்பங்களைக் காப்புரிமையாக்கிப் பெரும் பணக்காரனாகி, ஒரு விண்கலம் கட்டத் தொடங்குகிறான். கட்டி முடிப்பதற்குள் குடிக்கு அடிமையாகிறான், அரசாங்கத்திடம் மாட்டிக்கொள்கிறான், அவர்கள் எக்ஸ்-ரே எடுக்கப்போய் அவன் கண் போய்விடுகிறது. போக வேண்டிய ஊருக்குப் போகாமல், செய்ய வந்த வேலையைச் செய்யாமல், ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து அழுகிறான். அவ்வளவுதான் கதை.

டெவிஸின் வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த பையன், சின்ன வயதில் இதய நோய் வந்து சுமார் ஒரு வருடம் குழந்தைகளுக்கான சிகிச்சை இல்லத்தில் கிடந்தார், அந்த நேரத்தில் பெற்றோர் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பதினொரு வயதில் தனியாக ரயிலேறி நாட்டின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தார். வேறு பேச்சு, வேறு பழக்கம், வேறு ஆட்கள். பிற்பாடு அவருக்கும் குடிப்பிரச்சினை இருந்தது. வேற்றுகிரகம் என்பதெல்லாம் அந்த அனுபவத்துக்குப் போட்ட சட்டைதான் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1976-இல் நிக்கோலஸ் ரோக் இதைப் படமாக்கினார். இன்று எல்லோரும் தூக்கிப் பிடிக்கும் 'அசல்' என்பது இந்தப் படம்தான், நாவல் அல்ல. ரோக் கென்டக்கியை விட்டுவிட்டு நியூ மெக்சிகோ பாலைவனத்துக்குப் போனார். நாயகன் வந்த நோக்கத்தையே கொஞ்சம் மாற்றி, வறண்ட கிரகத்துக்குத் தண்ணீர் தேடி வந்தவனாகக் காட்டினார். காலவரிசையைக் கலைத்துப் போட்டார். பாத்திரங்கள் கிழடு தட்டிப்போக நியூட்டன் மட்டும் அப்படியே இருப்பான், எத்தனை வருடம் போனது என்று படம் சொல்லவே சொல்லாது. நாவலுக்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்று அளந்தால் ரோக்கின் படமே தேறாது, இதை மட்டும் 2022-இல் கோபப்பட்டவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

போவி எப்படி வந்தார் என்பது தனிக்கதை. பிபிசி 1975-இல் அவரைப் பற்றி 'கிராக்டு ஆக்டர்' என்று ஒரு ஆவணப்படம் ஒளிபரப்பியது. காரின் பின்சீட்டில், எலும்பும் தோலுமாய், பாலைக் குடித்துக்கொண்டு, அமெரிக்கப் பாலைவனத்தை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ரோக் அதைப் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுத்தார். அது மட்டுமில்லை, நிஜத்தில் போவிக்குக் கார் ஓட்டிய டோனி மாசியாவையே படத்திலும் நியூட்டனின் டிரைவராகப் போட்டார். போவி அப்போது போதைப் பழக்கத்தின் உச்சத்தில் இருந்தார். அந்தப் படத்தில் தான் நடிக்கவே இல்லை, அப்போது எப்படி இருந்தேனோ அப்படியே நின்றேன் என்ற பொருளில் பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். எனவே எஜியோஃபோரை போவியோடு ஒப்பிடுகிறவர்கள் ஒரு நடிப்பை இன்னொரு நடிப்போடு ஒப்பிடவில்லை, ஒரு நடிப்பை ஒரு மனிதனின் நிஜமான நிலைகுலைவோடு ஒப்பிடுகிறார்கள். இதில் எந்த நடிகர் ஜெயிக்க முடியும்?

படத்தின் ஆரம்பத்தில் ஒரு காட்சி உண்டு. நியூட்டன் ஒரு சின்ன ஊரில் பழைய சாமான் கடைக்குள் போய், வயதான கடைக்காரப் பெண்மணியிடம் ஒரு தங்க மோதிரத்தை இருபது டாலருக்கு விற்கிறான். மனைவியின் நினைவாக வைத்திருந்தது போல ஒரு தயக்கம் முகத்தில் தெரியும். பார்க்கிற நமக்கும் பாவமாக இருக்கும். வெளியே வந்ததும் பார்த்தால் அவனிடம் அதே மாதிரி மோதிரங்கள் ஒரு கொத்தே இருக்கின்றன. ஒரு வசனம் கிடையாது, விளக்கம் கிடையாது. இவன் திட்டம் போட்டு வந்தவன், பொய் சொல்லத் தெரிந்தவன் என்று புரிந்துவிடும். ரோக்கின் ரசிகர்கள் தொடரில் தேடியது இந்த மாதிரிச் சிக்கனத்தைத்தான், கிடைக்காதபோது ஏமாந்தார்கள். அந்த ஏமாற்றத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 1976-இல் அந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாரமவுண்ட் நிறுவனம் படத்தைப் பார்த்துவிட்டு வாங்க மறுத்தது. கடைசியில் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் ஏறத்தாழ இருபது நிமிடத்தை வெட்டி எறிந்துவிட்டு ஓட்டினார்கள், ஏற்கெனவே புரியாத படம் இன்னும் புரியாமல் போனது. ரோஜர் ஈபர்ட் உட்படப் பல விமர்சகர்கள் அன்று அதைப் பெரிதாக மெச்சவில்லை. வெட்டாத முழுப் படம் பிற்பாடு கிடைக்கத் தொடங்கிய பிறகு, போவியின் புகழும் வளர வளர, ஒரு தீவிர ரசிகர் கூட்டம் கொண்டாடும் 'கல்ட் கிளாசிக்' என்ற பட்டம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. படத்தின் ஸ்டில்களையே போவி தன்னுடைய இரண்டு ஆல்பங்களுக்கு, 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்', 'லோ', அட்டைப்படமாக வைத்தது அந்த உருவத்தை நிலைநிறுத்தியது. படத்தைப் பார்க்காதவனுக்கும் அந்த ஆரஞ்சுத் தலைமுடி தெரியும்.

நடுவில் ஒரு ரீமேக் வந்ததே பலருக்குத் தெரியாது. 1987-இல் ஏபிசி சேனல் இதைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தது. நன்றாகப் போனால் தொடராக்கலாம் என்று கணக்குப் போட்டு எடுத்த முன்னோட்டம் அது. லூயிஸ் ஸ்மித் நாயகன், பெவர்லி டி'ஆஞ்சலோ நாயகி, அவருடைய மகனாகச் சின்னப் பையன் வில் வீட்டன். நாயகனின் பெயரை நியூட்டனிலிருந்து ஜான் டோரி என்று மாற்றினார்கள். ஜான் டோரி என்பது ஒரு மீனின் பெயர், ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள். குடியும் சீரழிவும் பெருமளவு குறைந்து, ஒரு பெண்ணுக்கும் அவள் மகனுக்கும் உதவுகிற நல்ல வேற்றுகிரகவாசியாக அவன் ஆனான். தொடர் வரவில்லை, படமும் மறந்துபோனது. தொலைக்காட்சிக்குள் வந்தவுடனேயே இந்தக் கதை எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு அது முதல் அறிகுறி: தோற்றுப்போகிறவனை வைத்து அடுத்த வாரத்துக்குக் கதை சொல்ல முடியாது.

சரி, 2022-க்கு வருவோம். தொடரை உருவாக்கியவர்கள் அலெக்ஸ் கர்ட்ஸ்மனும் ஜென்னி லூமெட்டும். கர்ட்ஸ்மன் புதிய 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களின் பொறுப்பாளர், லூமெட் 'ரேச்சல் கெட்டிங் மேரீட்' படத்தின் கதாசிரியர், இயக்குநர் சிட்னி லூமெட்டின் மகள். 2019-இல் சிபிஎஸ் ஆல் ஆக்சஸ் என்ற ஸ்ட்ரீமிங் தளத்துக்காக அறிவிக்கப்பட்டு, அந்தத் தளம் பாரமவுண்ட் பிளஸ் என்று பெயர் மாறி, கடைசியில் அதே குழுமத்தின் ஷோடைமுக்கு நகர்த்தப்பட்ட தொடர் இது. அவர்கள் செய்த புத்திசாலித்தனம், போவியின் பாத்திரத்தை வேறொருவருக்குக் கொடுத்து மறுபடி எடுக்காமல், நியூட்டன் வந்து நாற்பத்தைந்து வருடம் கழித்து இன்னொரு ஆந்தியனை அனுப்பியது. பழைய நியூட்டன் கிழவனாக இருக்கிறார், பில் நை அந்த வேடத்தில். ஆக இது பாதி ரீமேக், பாதி தொடர்ச்சி. பத்து எபிசோடுக்கும் போவியின் பாட்டுப் பெயர்களை வைத்தார்கள், முதல் எபிசோடு 'ஹலோ ஸ்பேஸ்பாய்', கடைசி 'தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்டு'. பாத்திரத்தைத் தொடமாட்டோம் என்று ஒதுங்கிவிட்டு எபிசோடுக்கு எபிசோடு அந்த ஆளையே நினைவூட்டினால் எந்த விமர்சகன்தான் ஒப்பிடாமல் இருப்பான்? அந்த வம்பை அவர்களே விலைக்கு வாங்கினார்கள்.

எஜியோஃபோர் நடிக்கும் ஆந்தியன் நியூ மெக்சிகோவில் வந்து விழுகிறான். உடம்பில் துணி இல்லை, பாஷை இல்லை, தாகம் மட்டும் இருக்கிறது. ரப்பர் குழாயை வாயில் வைத்து வயிறு முட்டக் குடிக்கிறான். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. விசாரணை அறையில் எதிரில் இருப்பவர் சொல்லும் வார்த்தைகளை, கெட்டவார்த்தை உட்பட, அதே சுருதியில் திருப்பிச் சொல்கிறான், எது மரியாதை எது வசவு என்று அவனுக்குத் தெரியாது. அந்தப் போலீஸ் அதிகாரியின் பெயர்ப்பட்டையில் இருந்த 'ஃபாரடே' என்ற பெயரையே தனக்கு வைத்துக்கொள்கிறான். விமர்சகர்கள் ஒருமித்துப் பாராட்டியது இந்த முதல் எபிசோடைத்தான். எஜியோஃபோர் என்றால் '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' மாதிரி கனமான வேடங்கள்தான் ஞாபகம் வரும், அவர் கையும் காலும் சொன்னபடி கேட்காத மாதிரி நடந்து, தலையை ஒரு பக்கம் வெட்டி, ஒவ்வொரு சொல்லையும் முதல்முறை வாயில் போட்டுப் பார்ப்பது போலப் பேசிச் சிரிக்கவைப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

போவியின் நியூட்டனுக்கும் இவனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நியூட்டன் வரும்போதே கோட்டும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுமாக வந்தான், நேராக வக்கீலிடம் போய்க் காப்புரிமைகளைக் காட்டிக் கோடீஸ்வரன் ஆனான். வெள்ளைக்காரன், நாசூக்கானவன், யாரும் அவனை நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. ஃபாரடே கறுப்பன், வந்த அன்றே போலீஸ் ஸ்டேஷன். தொடர் தொடங்குவதே அவன் பிற்பாடு பெரிய தொழில்நுட்ப முதலாளியாகி மேடையில் நின்று, தான் ஒரு குடியேறி, அகதி என்று கூட்டத்திடம் சொல்வதில்தான். எஜியோஃபோர் லண்டனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர், இந்த வரி அவர் வாயில் வரும்போது அதற்கு வேறு எடை வருகிறது. ஆதரித்த விமர்சனங்கள் பிடித்துக்கொண்ட நூல் இது. எதிர்த்தவர்களில் சிலரும் இதே நூலைத்தான் பிடித்தார்கள், ஆனால் வேறு புகாரோடு: இவ்வளவு கூர்மையான விஷயத்தைக் கையில் எடுத்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டு சிஐஏ துரத்தல் பக்கம் ஏன் ஓடுகிறீர்கள்?

அந்தப் புகார் சரிதான் என்பது என் எண்ணம். ஃபாரடே தேடிவருவது ஜஸ்டின் ஃபால்ஸ் என்ற பெண்ணை. ஒரு காலத்தில் பெரிய இயற்பியல் மூளை, ஆராய்ச்சியை விட்டுவிட்டு, உடம்பு முடியாத அப்பாவையும் மகளையும் வைத்துக்கொண்டு அழுக்கு வேலை செய்து காலம் தள்ளுகிறாள். நவோமி ஹாரிஸ் அந்தச் சோர்வை ஒரு வார்த்தை கூட அதிகம் பேசாமல் காட்டுகிறார். அப்பாவாக வரும் கிளார்க் பீட்டர்ஸ் வீட்டுக்குள் நுழைந்த இந்த விசித்திர ஆளோடு பேசும் காட்சிகள் தொடரின் ஆகச் சிறந்த பகுதி. அந்த வீட்டுக்குள் கேமரா இருக்கும்வரை தொடர் உயிரோடு இருக்கிறது. வெளியே வந்தால் ஜிம்மி சிம்ப்சன் நடிக்கும் சிஐஏ ஆள், அவனுடைய குழப்பங்கள், ஒரு தொழில்நுட்பக் கம்பெனியில் அண்ணன் தங்கை சொத்துச் சண்டை என்று மூன்று நான்கு கிளைக்கதைகள். பத்து மணி நேரத்தை நிரப்ப அவை தேவைப்பட்டிருக்கின்றன என்பது அப்பட்டமாகத் தெரியும். மந்தமாகப் போகிறது, சிரிப்பும் சீரியசும் ஒட்டவில்லை என்று வந்த குறைகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கிளைகளைப் பற்றியவையாகவே இருக்கும்.

இங்கே மதிப்பெண் விவகாரத்தையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் இணையத்தில் எப்போதும் இதை வைத்துத்தான் சண்டை நடக்கிறது. ராட்டன் டொமேட்டோஸ், மெட்டாகிரிட்டிக் இரண்டும் விமர்சனங்களைத் திரட்டி மதிப்பெண் போடும் இணையதளங்கள். ராட்டன் டொமேட்டோஸ் சதவீதம் என்பது எத்தனை விமர்சகர்கள் 'பரவாயில்லை, பார்க்கலாம்' பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு, எவ்வளவு பிடித்தது என்ற கணக்கு இல்லை. பத்துப் பேரும் 'சுமார்தான், ஆனால் நடிப்புக்காகப் பார்க்கலாம்' என்று எழுதினாலும் நூறு சதவீதம் வந்துவிடும். மெட்டாகிரிட்டிக் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, சராசரி எடுக்கிறது, சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடையும் கொடுக்கிறது. இந்தத் தொடருக்கு முதல் தளத்தில் நல்ல பச்சைக்கொடி, இரண்டாவது தளத்தில் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் முரண் இல்லை. நடிகர்களால் பிழைத்த, எழுத்தால் தடுமாறிய ஒரு தொடருக்கு இப்படித்தான் வரும். அதை எடுத்துக்கொண்டு ஒரு கோஷ்டி மாஸ்டர்பீஸ் என்றும் இன்னொரு கோஷ்டி குப்பை என்றும் ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டிருந்தது.

வேற்றுகிரக ரீமேக்குகள் எப்போதும் பழைய படைப்போடு மட்டும் மோதுவதில்லை, வெளியாகும் வருடத்தோடும் மோதுகின்றன. 'வி' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கென்னத் ஜான்சன் 1983-இல் என்பிசிக்காக எடுத்த அசல், சின்கிளேர் லூயிஸ் 1935-இல் எழுதிய பாசிச எச்சரிக்கை நாவலிலிருந்து பிறந்தது. சிரித்த முகத்தோடு வரும் வேற்றுகிரக விருந்தாளிகள் முதலில் விஞ்ஞானிகளை எதிரிகளாக்கி வேட்டையாடுவார்கள், சுவர்களில் எதிர்ப்பின் 'வி' எழுத்தைத் தீட்டச் சிறுவர்களுக்குக் கற்றுத்தருவது நாஜி முகாமில் தப்பிய ஒரு கிழவர். யாரைச் சொல்கிறார்கள் என்று யாரும் குழம்பவில்லை. அதையே ஏபிசி 2009 நவம்பர் 3-இல் ரீமேக் செய்து இறக்கியபோது ஒபாமா பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நம்பிக்கை தருகிற, அழகாகப் பேசுகிற, எல்லோருக்கும் மருத்துவம் தருவதாகச் சொல்கிற விருந்தாளிகள். உடனே இது ஒபாமாவைக் குத்துகிற தொடர் என்று பத்திரிகைகளில் விவாதம் கிளம்பி, விருந்தாளிகளின் தலைவியாக மொரீனா பக்காரின் எப்படி நடித்தார், கதை நகர்கிறதா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம் ஆனது. தயாரித்தவர்கள் அப்படி நினைக்கவில்லை என்று மறுத்தும் பயனில்லை. நான்கு எபிசோடு போட்டுவிட்டு நான்கு மாதம் இடைவெளி விட்டார்கள், நடுவில் தலைமை எழுத்தாளரையும் மாற்றினார்கள், 2011-இல் கதவைச் சாத்தினார்கள்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. வேற்றுகிரக இளைஞர்களைப் பற்றிய 'ராஸ்வெல்' தொடர் 1999-இல் வந்தபோது நாயகி லிஸ் பார்க்கர், வெள்ளைக்காரப் பெண். ஆனால் அதற்கு மூலமான மெலிண்டா மெட்ஸின் இளைஞர் நாவல்களில் அவள் லிஸ் ஒர்டெச்சோ, லத்தீன் அமெரிக்க வம்சாவளி. 2019 ரீமேக் அதை மறுபடி ஒர்டெச்சோ ஆக்கி, ஆவணமில்லாமல் குடியேறியவர்களின் மகளாகவும் ஆக்கியது. டிரம்ப் காலத்து எல்லைச் சண்டைகளுக்கு நடுவே அரசியலைத் திணிக்கிறார்கள் என்று முணுமுணுப்பு வந்தது, மூலத்துக்கு இருபது வருடம் கழித்துத்தான் நெருக்கமாக வந்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. அசல் என்று நாம் பிடித்துத் தொங்குவது பெரும்பாலும் நாம் முதலில் பார்த்ததைத்தான்.

போவியே இந்தக் கதையை அப்படியே பூட்டி வைக்கவேண்டும் என்று நினைத்தவர் அல்ல. கடைசிக் காலத்தில் நாடக ஆசிரியர் எண்டா வால்ஷோடு சேர்ந்து 'லாசரஸ்' என்ற இசை நாடகத்தை எழுதினார், பூமியிலேயே மாட்டிக்கொண்டு சாகவும் முடியாமல் கிடக்கும் நியூட்டனின் தொடர்ச்சி அது. 2015 டிசம்பரில் நியூயார்க்கில் மேடையேறியது, மைக்கேல் சி. ஹால் நியூட்டனாக நடித்தார். அடுத்த மாதம், 2016 ஜனவரி 10 அன்று போவி இறந்துபோனார். தன் இடத்தில் இன்னொரு நடிகரை நிறுத்த அவருக்கே தயக்கம் இல்லாதபோது ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் ஒன்று, 'லாசரஸ்' அந்தத் தோல்வியை விட்டுக்கொடுக்கவில்லை. நியூட்டன் அங்கேயும் குடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போக முடியாமல்தான் இருக்கிறான். 2022 தொடரில் ஃபாரடேக்கு ஜஸ்டின் கிடைக்கிறாள், வேலை நடக்கிறது, உலகைக் காப்பாற்றும் கணக்கு முன்னேறுகிறது. டெவிஸ், ரோக், போவி மூன்று பேரும் விடாமல் பிடித்திருந்த ஒன்றை முதன்முதலாகக் கைவிட்டது ஏபிசியின் 1987 படம், அடுத்தது இது. பிடிக்காதவர்கள் இந்த இழப்பைத்தான் போவி போவி என்று வேறு பெயரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிடித்தவர்களோ, தோற்றுப்போன வெள்ளைக்கார மேதையை நிறையப் பார்த்தாயிற்று, வந்த இடத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் அகதியைப் பார்க்கட்டுமே என்றார்கள். எனக்கு இரண்டாவது வாதம் பிடிக்கிறது, அந்த வீட்டுக் காட்சிகளுக்காக மட்டும். சிஐஏ காட்சிகளுக்கு எந்த வாதமும் உதவாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. அமெரிக்கத் தொடர்களுக்கு விமர்சகர்களிடம் பெரும்பாலும் முதல் சில எபிசோடுகளைத்தான் முன்கூட்டியே தருவார்கள். அதை வைத்து எழுதிய மதிப்பீடு ஒளிபரப்பு தொடங்கும் வாரத்தில் வெளிவந்து, அதுவே அந்தத் தொடரின் நிரந்தர மதிப்பெண் ஆகிவிடுகிறது. ஃபாரடேயும் கிழ நியூட்டனும் ஒரே அறையில் எதிரெதிரே உட்காரும் காட்சிகளின் கனம், பழைய தோல்வியும் புதிய நம்பிக்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் இடம், கதை வளர வளரத்தான் தெரியவரும். ஏப்ரல் கடைசியில் எழுதி முடித்த பலர் ஜூலையில் திரும்பி வந்து எழுதவில்லை, ஷோடைம் சந்தா வைத்திருந்த பார்வையாளர்களும் அவ்வளவு பேர் இல்லை.